சித்திரையில் கம்பளி

1977ஆம் வருஷத்துச் சித்திரை வெயிலில் முத்தையாபுரத்துக் கோழிகள்கூட நிழலைவிட்டு வெளியே வரவில்லை. அப்படிப்பட்ட வெயிலில், ஓட்டு வீட்டுக்குள், பட்டப்பகலில் ஒரு மனிதன் கழுத்துவரை கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடுங்கினால் பெண்டாட்டிக்காரி என்ன நினைப்பாள்? காய்ச்சல் என்றுதான் நினைப்பாள். அருணாசலவடிவும் அப்படி நினைத்துத்தான் கணவனின் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தாள். நெற்றி தண்ணீர்ப் பானை போலச் சில்லென்று இருந்தது. காய்ச்சலாக இருந்திருந்தால் ஒரு கஷாயத்தை வைத்துக் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்திருப்பாள். காய்ச்சல் இல்லை என்று தெரிந்த பிறகுதான் அவளுக்குப் பயம் வந்தது.

என்ன செய்கிறது என்று கேட்டாள். ஒன்றுமில்லை, கொஞ்சம் குளிருது என்று சொல்லிவிட்டு அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். சித்திரையில் குளிருகிறதாம். வடிவு அந்த இடத்திலேயே நின்று அவன் முதுகைப் பார்த்தாள். கம்பளிக்கு மேலேயே தோள்பட்டை எலும்பு இரண்டும் துருத்திக்கொண்டு தெரிந்தன. இந்த ஆள் எதையோ மறைக்கிறான் என்று அப்போது அவள் மனசில் ஒரு முள் தைத்தது.

சொரிமுத்து பிறவி நோஞ்சான் இல்லை. ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில் ஆற்றுப் பாசன ஊரில் வயலில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன், தூத்துக்குடியில் புது ஹார்பர் கட்டுகிறார்கள், ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு பத்தொன்பது வயசில் பஸ் ஏறி வந்தான். கடலுக்குள் கல்லைக் கொட்டிச் சுவர் எழுப்பிய காலத்தில் கல் தூக்கினான். கப்பல் வரத் தொடங்கியதும் மூட்டை தூக்கும் கேங்கில் சேர்ந்தான். இரண்டு பேர் பிடிக்கிற மூட்டையை ஒற்றை ஆளாக முதுகில் வாங்கி நடப்பான். கேங்கில் அவனுக்குப் பெயரே பயில்வான்தான். வடிவு அவனுக்குத் தாய்மாமன் மகள். கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது, பிள்ளை இல்லை. ஊரில் எந்த விசேஷத்துக்குப் போனாலும் யாராவது ஒருத்தி அவள் வயிற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்ப்பாள்.

வேலை முடிந்ததும் சொரிமுத்து நேரே வீட்டுக்கு வருகிறவன் இல்லை. தூத்துக்குடிக் கடற்கரையோரம் திரேஸ்புரத்தில் பாஸ்கல் மாஸ்டர் ஒரு தேகப்பயிற்சிக் கூடம் வைத்திருந்தார். கப்பலில் வேலை பார்த்துவிட்டு வந்த மனிதர். வலை வைக்கிற கொட்டகையில் பாதியை ஒதுக்கி, நாலு இரும்புத் தட்டு, இரண்டு கர்லாக்கட்டை, ஒரு பெரிய கண்ணாடி, இவ்வளவுதான் அவருடைய கூடம். மூட்டை தூக்கி முடித்தவன் அங்கே போய் மறுபடியும் இரும்பைத் தூக்குவான். வடிவுக்கு அதில் வருத்தம் இல்லை. குடிக்கப் போகாமல் இரும்பு தூக்கப் போகிற புருஷன் எத்தனை பேருக்கு வாய்க்கும் என்று பெருமையாகக்கூட இருந்தாள்.

வந்த வினை போன வருஷத்து ஆணழகன் போட்டியில் வந்தது. சொரிமுத்துவுக்கு மூன்றாவது பரிசு கிடைத்தது. மற்றவனாக இருந்தால் அந்தக் கோப்பையை அலமாரியில் வைத்துவிட்டுச் சந்தோஷமாக இருந்திருப்பான். ஆனால் நடுவர்களில் ஒருவர் மேடையிலேயே இவனுடைய தொப்புளுக்குக் கீழே இரண்டு விரலால் தோலைக் கிள்ளி இழுத்து, இது மட்டும் இல்லையென்றால் முதல் பரிசு உனக்குத்தான் என்று சொல்லிவிட்டார். சபையில் எல்லோரும் சிரித்தார்கள். அவர் சொன்னது ஒரு வாக்கியம். அதைத் தூக்கிக்கொண்டு இவன் ஒரு வருஷம் அலைந்தான். காலையில் எழுந்ததும் பல் விளக்குகிறானோ இல்லையோ, அடிவயிற்றைக் கிள்ளிப் பார்ப்பான்.

பாஸ்கல் மாஸ்டரிடம் வெளிநாட்டுப் புத்தகம் ஒன்று இருந்தது. அதில் ஒரு வெள்ளைக்காரன் உடம்பில் நரம்பெல்லாம் கொடி கொடியாகத் தெரிய நின்றுகொண்டிருந்தான். அப்படி ஆகவேண்டும் என்றார் மாஸ்டர். அந்தப் படத்தில் இருந்தவன் எத்தனை நாள் பட்டினி கிடந்தான், படம் எடுத்த மறுநாள் என்ன ஆனான் என்பதெல்லாம் படத்தில் தெரியவில்லை. மாஸ்டருக்கும் தெரியாது. எண்ணெயை நிறுத்து, சோற்றைக் குறை, மீனை நிறுத்து, கடைசி மாதம் உப்பை நிறுத்து, கடைசி மூன்று நாள் தண்ணீரையும் நிறுத்து, தோல் சதையோடு ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லிக் கொடுத்தார். தெரிந்ததைத்தான் சொன்னார். தெரியாதது எவ்வளவு என்று அவருக்குத் தெரியாமல் போனதுதான் கெடுதல்.

இதையெல்லாம் சொரிமுத்து வீட்டில் சொன்னானா? சொல்லவில்லை. போன வருஷம் போட்டிக்கு முந்தின மாதம் அவன் சோற்றைக் குறைத்தபோது வடிவு அழுது ஆர்ப்பாட்டம் செய்து, மடியில் சட்டியை வைத்துக்கொண்டு உருட்டி உருட்டி ஊட்டிவிட்டாள். நடுவர் கிள்ளிய மடிப்பு அவள் ஊட்டிய சோறுதான் என்பது அவன் கணக்கு. அதனால் இந்த வருஷம் ஒரு பொய்யைக் கண்டுபிடித்தான். திருச்செந்தூர் முருகனுக்கு நேர்ந்திருக்கிறேன், சித்திரை முடிகிறவரை எண்ணெய் இல்லை, மீன் இல்லை, உப்பும் இல்லை என்றான். பிள்ளைக்காக நேர்ந்திருக்கிறான் என்று வடிவு தானாகவே நினைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. முருகன் பெயரைச் சொன்னவனுக்கு அந்த நேரத்தில் கொஞ்சம் கூச்சமாவது வந்திருக்க வேண்டும்.

பங்குனி முழுக்க உப்பில்லாத கஞ்சியை அரைக் கும்பா குடித்தான். காலையில் வெறும் வயிற்றில் ஒரு செம்பு கொள்ளுத் தண்ணீர். வடிவும் விரதத்துக்கு மரியாதையாக அவன் எதிரில் மீன் குழம்பு வைப்பதை நிறுத்தினாள். ஆனால் விரதம் இருக்கிற மனிதன் மாதிரி அவன் நடந்துகொள்ளவில்லை. விரதக்காரனுக்கு முகத்தில் ஒரு சாந்தம் வரும். இவனுக்கு மூக்கு நுனியில் கோபம் வந்தது. டம்ளரைக் கொஞ்சம் ஓசைப்பட வைத்தால் எரிந்து விழுந்தான். பலகையில் உட்கார்ந்தால் எலும்பு குத்துகிறது என்று அடியில் துண்டை மடித்துப் போட்டுக்கொண்டான். மூட்டைக் கொக்கி கீறிய காயம் ஒன்று முழங்கையில் ஒரு மாதமாக ஆறாமல் இருந்தது. பகலெல்லாம் குளிருகிறது என்றான், ராத்திரி தூக்கம் வரவில்லை என்றான்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்ல முடியாது. இரண்டரை மாதமாக அவன் அவள் பக்கமே வரவில்லை. விரதம் என்றால் சரி. ஆனால் விரதக்காரன் ஆசையை அடக்கிக்கொண்டு ஒதுங்குவான், அது பார்த்தாலே தெரியும். இவனிடம் அடக்குவதற்கு எதுவுமே இருந்ததாகத் தெரியவில்லை. ஒரு நாள் அவள் தலைக்குக் குளித்து, பூ வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் அவளைப் பார்த்தான். கதவைப் பார்க்கிற பார்வையாக இருந்தது அது. வடிவுக்கு அன்றைக்கு அழுகையைவிட அவமானம்தான் அதிகமாக இருந்தது.

இந்தச் சமயத்தில்தான் பக்கத்து வீட்டு ஆறுமுகத்தாய் வந்தாள். அவள் வீட்டுக்காரனும் ஹார்பரில்தான் வேலை. தெருவில் எந்த வீட்டில் என்ன கொதிக்கிறது என்பது அவளுக்கு அடுப்பு வைத்தவளுக்கு முந்தித் தெரிந்துவிடும். திரேஸ்புரத்துக்கு மீன் வாங்கப் போய்விட்டு வந்தவள், கூடையைக்கூட வீட்டில் வைக்காமல் நேரே வடிவிடம் வந்தாள்.

"ஏளா வடிவு, ஒம் மாப்பிள்ள விரதம்னுல்லா சொன்ன? அங்கன முட்டைக்காரி ஜெயபாய் வீட்டு முத்தத்துல உக்காந்து முட்டை தின்னுட்டு இருக்காரு. என் ரெண்டு கண்ணால பாத்தேன். அவ உரிச்சு உரிச்சுக் குடுக்கா, இவரு திங்காரு."

வடிவு அப்படி இருக்காது என்றாள். ஜெயபாயின் புருஷன் தோணியில் போகிறவன், மாதக்கணக்கில் வீட்டில் இருக்க மாட்டான் என்ற விவரத்தையும் ஆறுமுகத்தாய் கேட்காமலே சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் சாயங்காலம் வடிவு கதவைப் பூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். திரேஸ்புரத்தில் படகுகளுக்கு மறைவில், கருவாடு காயப்போட்டிருந்த இடத்தில் முக்காடு போட்டுக்கொண்டு நின்றாள். மூக்கைத் துளைக்கிற வாடையில் ஒரு மணி நேரம் நின்றாள். சொரிமுத்து கூடத்திலிருந்து வெளியே வந்தான், நேரே அந்த வீட்டுக்குப் போனான். ஆறுமுகத்தாய் சொன்னதில் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. முற்றத்தில் பலகை போட்டாள் ஜெயபாய். அவித்த முட்டையை உரித்துத் தட்டில் வைத்தாள். அவன் தின்றான். பக்கத்தில் அவளுடைய இரண்டு பிள்ளைகளும் உட்கார்ந்து தின்றன. சின்னது ஏதோ சொல்ல, அவன் சிரித்தான். வடிவு அந்தச் சிரிப்பைப் பார்த்து மூன்று மாதம் ஆகியிருந்தது. முட்டையைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். அந்தச் சிரிப்பைப் பொறுக்க முடியவில்லை.

ஆக விரதம் பொய். தன் கையால் போடுகிற உப்பு அவனுக்கு வேண்டாம், இன்னொருத்தி உரித்துக் கொடுக்கிற முட்டை வேண்டும். பஸ்ஸில் வரும்போது ஒவ்வொன்றாக எடுத்துக் கோத்துப் பார்த்தாள். கோபம், கம்பளி, மெலிவு, ஒதுங்கல், எல்லாம் ஒரே சரட்டில் வந்து நின்றன. அவள் ஊர்ப்பக்கத்தில் இப்படி ஒரு ஆண்பிள்ளை தேய்ந்துபோனால் யாரும் வைத்தியரிடம் போக மாட்டார்கள். எவளோ சாப்பாட்டில் வசிய மருந்து வைத்துவிட்டாள் என்பார்கள். வைத்தவளைத் தவிர வேறு யாரையும் பார்க்கவிடாது அந்த மருந்து, ஆளை உள்ளேயே அரித்துத் தின்றுவிடும் என்று அவள் சின்ன வயசிலிருந்து கேட்டிருக்கிறாள். குடலில் ஒட்டியிருக்கும் அதை வாந்தியாக வெளியே எடுக்கிறதற்கென்று ஆட்களும் இருந்தார்கள்.

அப்படிப்பட்ட ஆள் ஒருவர் திருநெல்வேலி ரோட்டில் பக்கத்திலேயே இருக்கிற புதுக்கோட்டைக் கிராமத்துக்கு உள்ளே தள்ளி இருந்தார். அய்யாக்குட்டி என்று பெயர். வடிவு வியாழக்கிழமை காலையில் அவர் வீட்டு வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தாள். அவளுக்கு முன்னால் நாலு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நாலு பேர் முகத்திலும் ஒரே கதைதான் இருந்தது. அது அவளுக்கு ஒரு விதத்தில் தைரியமாகவும் இருந்தது.

அய்யாக்குட்டி அவளைப் பேசவிட்டார். கெட்டிக்காரர். அவள் சொன்னதையே திருப்பிக் கேள்வியாகக் கேட்டார்.

"வீட்டுச் சோத்துல உப்பு வேண்டாங்கானா?"

"ஆமா அண்ணாச்சி."

"ஒன் பக்கத்துல வாரானா?"

வடிவு தரையைப் பார்த்தாள்.

"வெளங்கிட்டு. மருந்து உள்ள நல்லாப் பிடிச்சிருக்கு. இன்னும் பத்து நாள் போனா ஆள் தேறமாட்டான்."

ஒரு விதைப் பொடியைப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தார். வெறும் வயிற்றில், அவனுக்குத் தெரியாமல் கொடுக்க வேண்டும், வாந்தியும் பேதியுமாகப் போகும், பயப்படக் கூடாது, வாந்தியில் கறுப்பாக உருண்டை மாதிரி ஒன்று வந்து விழும், அதுதான் மருந்து, அதை எடுத்து எரித்துவிட்டால் புருஷன் பழையபடி ஆகிவிடுவான் என்றார். வடிவு பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டாள். இன்னொருத்தி புருஷனுக்குத் தெரியாமல் எதையோ கலந்து கொடுத்துவிட்டாள் என்று நெஞ்சு கொதிக்கிறவள், தான் செய்யப் போவதும் அதேதான் என்று அந்த நிமிஷம் நினைத்துப் பார்க்கவில்லை. சந்தேகம் வந்தவர்களுக்கு மற்றவர்கள் கை மட்டும்தான் தெரியும்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. ஞாயிற்றுக்கிழமை போட்டி. சொரிமுத்து முந்தின நாளிலிருந்தே தண்ணீரை நிறுத்தியிருந்தான். அது வடிவுக்குத் தெரியாது. அன்றைக்குக் காலையில் மட்டும் ஒரு அரைச் செம்பு கொள்ளுத் தண்ணீர் போதும் என்று கேட்டான். அவள் பொடியைக் கலக்கினாள். கசப்பு தெரியாமல் இருக்கச் சீரகத்தை இடித்துப் போட்டாள். அவன் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, இன்றைக்குக் கொள்ளு கொஞ்சம் கடுப்பாக இருக்கிறதே என்றான். புதுக் கொள்ளு என்றாள் வடிவு.

கால் மணி நேரத்தில் கொல்லைப்பக்கம் ஓடினான். அப்புறம் நிற்கவே இல்லை. குடித்ததைப்போல நாலு மடங்கு வெளியே வந்தது. கடைசியில் வருவதற்கு ஒன்றும் இல்லாமல் வெறும் ஓசைதான் வந்தது. கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவன் அப்படியே சரிந்து உட்கார்ந்தான். வடிவு அவன் பக்கத்தில்தான் இருந்தாள். ஆனால் அவனைப் பார்க்கவில்லை. கையில் ஒரு விளக்குமாற்றுக் குச்சியை வைத்துக்கொண்டு, அய்யாக்குட்டி சொன்ன கறுப்பு உருண்டையை வாந்தியில் தேடிக்கொண்டிருந்தாள். குச்சியால் கிளறிக் கிளறிப் பார்த்தாள். மஞ்சள் தண்ணீர்தான் இருந்தது. உருண்டை இல்லை, முட்டை இல்லை, ஒரு சோற்றுப் பருக்கைகூட இல்லை. இந்த மனிதன் வயிற்றுக்குள் ஒன்றுமே இல்லை என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

திரும்பிப் பார்த்தாள். சொரிமுத்துவின் கண் பாதி செருகியிருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. கெண்டைக்காலில் சதை தானாகச் சுருண்டு சுருண்டு இழுத்தது. மார்பில் காதை வைத்தாள். சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. அவள் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. ஹார்பர் ரோட்டில் போன ஒரு உப்பு லாரியை மறித்து, மூட்டைகளுக்கு மேலேயே அவனைக் கிடத்திக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள். வழியெல்லாம் வடிவு அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். இரண்டு பேர் மூட்டையைச் சுமந்தவனின் தலை மடியில் கனமே இல்லாமல் கிடந்தது.

டாக்டர் தேவபிரசாதம் வயசான மனிதர், கொஞ்சம் சிடுசிடுப்பானவர். வந்தவுடனே சலைன் பாட்டிலைத் தொங்கவிடச் சொல்லிவிட்டு நாடியைப் பிடித்தார். பிடித்த கையை வெகுநேரம் விடவில்லை. என்ன கொடுத்தீர்கள், எப்போது கொடுத்தீர்கள் என்று கேட்டார். வடிவு வாய் திறப்பதற்குள் கூட வந்த ஆறுமுகத்தாய் முந்திக்கொண்டு, முட்டைக்காரிதான் எதையோ கொடுத்துவிட்டாள் என்றாள். விஷமாக இருக்கும் என்று யாரோ சொன்னார்கள். விஷம் என்ற வார்த்தை விழுந்தால் ஆஸ்பத்திரி வாசலில் இருக்கிற ஏட்டையா எழுந்து வந்துவிடுவார். வந்தார். ஆறுமுகத்தாய் திரேஸ்புரத்து முற்றம், முட்டை, தோணிக்காரன் எல்லாவற்றையும் அவரிடம் ஒப்பித்தாள். ஏட்டையா நோட்டில் ஜெயபாய் பெயரை எழுதிக்கொண்டு வடிவிடம் வந்தார். அந்த முட்டைக்காரி மேல உனக்குச் சந்தேகம் உண்டா அம்மா என்று கேட்டார்.

தலையை ஒரு ஆட்டு ஆட்டினால் போதும். அவ்வளவுதான் வேலை. ஜெயபாயை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போவார்கள், தெருவெல்லாம் காறித் துப்பும், வடிவைப் பார்த்து ஊர் பரிதாபப்படும். புருஷன் செத்தாலும் பழி ஜெயபாய்மேல்தான் போகும். இதெல்லாம் ஒரு நொடியில் வடிவின் மனசில் ஓடியது, ஓடவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் என்ன குடித்தான் என்று தெரியாமல் வைத்தியம் பார்க்க முடியாது என்று டாக்டர் அந்தப் பக்கம் நர்ஸிடம் கத்திக்கொண்டிருந்தது அவள் காதில் விழுந்தது.

"அந்தப் பிள்ள ஒண்ணும் செய்யல, ஐயா. நாந்தான் கொள்ளுத் தண்ணியில பொடியக் கலந்து குடுத்தேன்."

முந்தானை முடிச்சை அவிழ்த்து மிச்சம் இருந்த பொடியை நீட்டினாள். ஆறுமுகத்தாய் வாயில் கையை வைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள். ஏட்டையா எழுதுவதை நிறுத்தினார். டாக்டர் பொடியை விரலில் தேய்த்து முகர்ந்து பார்த்தார். எந்த விதை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் முகத்தில் இருந்த இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது. நர்ஸிடம் ஏதோ மருந்து பெயரைச் சொல்லிவிட்டு, இது போலீஸ் விவகாரம் இல்லை, புத்தி கெட்ட விவகாரம், அவசரப்பட்டு எழுத வேண்டாம் என்று ஏட்டையாவை அனுப்பிவைத்தார்.

ராத்திரி முழுக்க இழுத்துக்கோ பறித்துக்கோ என்றுதான் இருந்தது. சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் நாடி ஒரு நிலைக்கு வந்தது. அப்புறம்தான் டாக்டர் வடிவை அழைத்துப் பேசினார். பொடி பொல்லாததுதான், ஆனால் வேறு ஆளாக இருந்தால் இரண்டு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பான், இவனை அது சாவுவரை தள்ளிக்கொண்டு போனதற்குக் காரணம் வேறு என்றார். தூங்கிக்கொண்டிருந்த சொரிமுத்துவின் மேல்கையில் தோலைக் கிள்ளித் தூக்கினார். துணியைத் தூக்கின மாதிரி தோல் மட்டும் வந்தது.

"கொழுப்புன்னா ஊளச்சதைன்னு நெனச்சு எல்லாத்தையும் கரைச்சுட்டான் இந்தப் பைத்தியக்காரன். ஒடம்புக்குள்ள சூடு நிக்கிறதுக்கே கொஞ்சம் கொழுப்பு வேணும்மா. அது தீந்துபோனா ஒடம்பு தன் சதையத் தானே திங்க ஆரம்பிச்சிரும். இருதயமும் சதைதான்."

உப்பும் தண்ணீரும் இல்லாமல் இருதயம் ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்ததாம். பொடி கொடுக்காமலே இருந்திருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை மேடையிலேயே விழுந்திருக்கலாம் என்றார். வடிவுக்கு அந்தக் கம்பளி புரிந்தது. எலும்பு குத்துகிறது என்றதும் புரிந்தது. பசித்தவனுக்குத் தூக்கம் எங்கே வரும், கோபம்தான் வரும். ஒன்று மட்டும் கேட்காமல் இருக்க முடியவில்லை. கேட்கவும் நாக்கு எழவில்லை. டாக்டர் போகத் திரும்பினபோது, தரையைப் பார்த்துக்கொண்டே, அவிய என் பக்கத்துலயே வரலையே ஐயா, அதுவும் இதனாலதானா என்று கேட்டுவிட்டாள். டாக்டர் சிரிக்கவில்லை. ஆசை உண்டாக்குகிற சுரப்பு ஒன்று இருக்கிறது, உடம்பு உயிரைப் பிடித்து வைக்கவே திண்டாடும்போது அதைத்தான் முதலில் நிறுத்தும், பிள்ளை பெறுகிற சக்தியும் அதோடு படுத்துவிடும், ஒழுங்காகச் சாப்பிட்டால் மெல்ல மெல்லத் திரும்பி வரும் என்றார். வடிவு வராண்டாத் தூணில் சாய்ந்து நின்று அழுதாள். மூன்று மாதமாகத் தன்னிடம்தான் ஏதோ குறை என்று நினைத்திருந்தவளுக்கு அந்த அழுகை வேண்டியிருந்தது.

சாயங்காலம் ஜெயபாய் வந்தாள். தன் பெயர் ஏட்டையாவின் நோட்டில் ஏறி இறங்கியது அவளுக்குத் தெரிந்திருந்தது. வந்து சண்டை போடுவாள் என்று வடிவு தயாராக நின்றாள். அவள் போடவில்லை. உங்க வீட்டுக்காரர் தினமும் ஆறு முட்டைக்குச் சொல்லி வைப்பார், வெள்ளைக்கருவை மட்டும் பிய்த்துத் தின்பார், மஞ்சள்கருவில் கொழுப்பு இருக்கிறது என்று என் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவார், வீட்டில் தின்றால் மஞ்சளையும் வாயில் திணித்துவிடுவாள் என்று உங்களைப் பற்றிச் சொல்லிச் சிரிப்பார் என்றாள். அப்புறம் ஒரு வார்த்தை சொன்னாள். அதுதான் வடிவைச் சுட்டது.

"அக்கா, எங்கிட்ட நீங்க ஒரு நாள் வந்து கேட்டிருக்கலாம்லா?"

கேட்டிருக்கலாம். முப்பதடி தூரத்தில் நின்றுதானே பார்த்தாள். வடிவு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜெயபாய் கையை உருவிக்கொள்ளவும் இல்லை, திருப்பிப் பிடிக்கவும் இல்லை.

சொரிமுத்துவுக்கு நடந்ததெல்லாம் தெரியவேண்டாம் என்று வார்டில் யாரும் நினைக்கவில்லை. அவன் கண் முழித்ததும் பக்கத்துக் கட்டில்காரரே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். பெண்டாட்டிதான் கலந்து கொடுத்தாளாம் என்று சொன்னபோது அவன் தலையைத் திருப்பி வடிவைப் பார்த்தான். அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். ஞாயிற்றுக்கிழமை போட்டி நடந்தது. பாஸ்கல் மாஸ்டர் போட்டிக்குப் போகாமல் வார்டுக்கு வந்து, கட்டிலின் கால்மாட்டில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். போட்டியைப் பற்றிச் சொரிமுத்து அவரிடம் கேட்கவில்லை. வடிவிடமும் பேசவில்லை. அவள் போர்வையைச் சரிசெய்தால் சும்மா இருந்தான், கையைப் பிடித்தால் மெதுவாக இழுத்துக்கொண்டான். தப்பு இரண்டு பக்கமும் இருந்தது. ஆனால் பொய் சொன்னவனுக்குத் தன் பொய் சின்னதாகவும், தான் குடித்த செம்பு பெரியதாகவும் தெரிவது சகஜம்தான்.

திங்கட்கிழமை காலையில் டாக்டர் அவனுக்குக் கஞ்சி கொடுக்கலாம் என்றார். உப்புப் போட்டு, ஒரு கரண்டி நெய்யும் விட்டுக் கொடுக்கச் சொன்னார். வடிவு முத்தையாபுரத்துக்கு ஓடிப்போய்ப் பச்சரிசியை வறுத்துக் குருணையாக உடைத்து, குழையக் காய்ச்சி, தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். அவனைத் தலையணையில் சாய்த்து உட்காரவைத்தாள். டம்ளரில் ஊற்றி, ஆற்றி, வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். நெய் மணம் வார்டு முழுக்க வீசியது. மூன்று மாதப் பசி அவன் கண்ணில் தெரிந்தது, தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது. ஆனால் அவன் வாயைத் திறக்கவில்லை. டம்ளருக்குள் பார்த்தான். அப்புறம் அவளைப் பார்த்தான்.

"மொதல்ல நீ குடி."

இரண்டு நாள் கழித்து அவன் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அது. குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது. பக்கத்துக் கட்டில்காரர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். வடிவு டம்ளரை வாயில் வைத்து, சூட்டோடு சூடாகப் பாதிவரை குடித்தாள். குடித்துவிட்டு அவன் பார்ப்பதற்காக வாயைத் திறந்து காட்டினாள். சொரிமுத்து கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம்தான் கையை நீட்டினான்.